முதல்ல சீப்பு, அப்புறம்தான் ஷாம்பு: நீளமுடி நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு ஒரு நீண்ட இழை

1/
நீளமுடி நாயைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றவங்க பெரும்பாலும் முதல்ல வாங்குறது வாசனை ஷாம்பு. முதல்ல வாங்க வேண்டியது ஒரு நல்ல ஸ்டீல் சீப்பு. ஏன்னு இந்த இழையில் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2/
முன்னாடியே சொல்லிடறேன். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பொது மருத்துவர். கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் நாய்க்கு என்ன மருந்து, எத்தனை மில்லி என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. எங்க வீட்டுக்கு வந்த ஒரு நாயின் முடியைப் பராமரிக்கும்போது அவளுடைய கால்நடை மருத்துவரிடம் கற்றுக்கொண்டதும், மனித மருத்துவராக எனக்குத் தெரிந்ததும் மட்டும்தான் இது.

3/
அவள் பெயர் பஞ்சு. ஷிட்ஸு வகை. பல்லைப் பார்த்து வயசு ஆறு இருக்கலாம் என்றார்கள். குட்டி போடுவதற்காகவே வளர்த்து, வயசானதும் ரோட்டில் விட்டுட்டுப் போன நாய். ஒரு தன்னார்வலர் மீட்டு எங்களிடம் கொடுத்தார். பஞ்சு என்று பெயர் வைத்தது என் மகள். வந்த அன்னிக்கு அந்தப் பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அம்மா பார்த்துட்டு, "என்னடி இது, நாயா கால்மிதியா?" என்று பேத்தியிடம் கேட்டார்.

4/
பக்கத்து வீட்டுக்காரர், "நல்லா கொழுகொழுன்னு இருக்கே" என்றார். அது சதை இல்லை, சடை. கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு மெஷினால் மழித்தபோது, முதுகில் இருந்து வயிறு வரை கம்பளித் துண்டு மாதிரி ஒரே சுருளாகக் கழன்று வந்தது. எடை போட்டோம். 400 கிராம். அவளே 5 கிலோதான். 60 கிலோ இருக்கும் ஒருத்தர் கழற்றவே முடியாத 5 கிலோ ஈரக் கம்பளியைப் போட்டுக்கிட்டு சென்னை வெயிலில் திரிவதாக நினைச்சுப் பாருங்க.

5/
மழித்த பிறகு பார்த்தால் விலா எலும்பை எண்ணலாம். காது மடலுக்குப் பின்னால் நீர் கசியும் புண். விரல் இடுக்குகளில் வரிசையாக உண்ணி. கழுத்தைச் சுற்றி, எப்போதோ கட்டிய நைலான் கயிறு அறுத்த தழும்பு. இத்தனையும் முடிக்குள்ளேதான் இருந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது "கொழுகொழு" மட்டும்தான்.

6/
இந்த இழையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். குட்டைமுடி நாய்க்கு ஒரு காயம் பட்டால் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். நீளமுடி நாய்க்குக் கையை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முடி பராமரிப்பை அழகு சமாசாரம்னு நினைக்காதீங்க. அது வாரத்தில் பல நாள் உங்க கையால் நடக்கும் உடல் பரிசோதனை. வாய் பேசத் தெரியாத நோயாளிக்கு வேற வழி இல்லை.

7/
முதலில் சிக்கு ஏன் வருது? நாயின் முடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். குட்டைமுடியில் உதிர்ந்தது தரையில் விழும். நீளமுடியில் உதிர்ந்த முடி கீழே விழாமல் பக்கத்து முடியில் மாட்டிக்கொள்ளும். அதன் மேல் உரசலும் ஈரமும் சேரும்போது முடிச்சு இறுகும். இறுகின முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் சடை.

அதனால்தான் சிக்கு எப்பவும் உரசுற இடத்தில் ஆரம்பிக்கும்: காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, பெல்ட் படும் கழுத்து, வால் அடி, தாடை, விரல் இடுக்கு. முதுகை மட்டும் பளபளன்னு சீவிட்டு "தினமும் சீவறோமே" என்று சொல்பவர்கள் இந்த ஏழு இடத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்க.

8/
சடை ஏன் ஆபத்து? ஒண்ணு, வலி. நம்ம தலைமுடியில் ஒரு கொத்தை யாரோ நாள் முழுக்க இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருப்பது மாதிரி. நடக்கும்போது, படுக்கும்போது எல்லாம் இழுக்கும். ரெண்டு, உள்ளே காற்று போகாது, ஈரம் காயாது. தோல் ஊறிப்போய் பாக்டீரியா தொற்று வரும். மூணு, மழைக்காலம். ஆசனவாயைச் சுற்றி மலமும் சிறுநீரும் பட்டு ஊறிய முடியில் ஈ முட்டையிட்டால் புண்ணில் புழு வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ரொம்பக் கவனமா இருங்க.

9/
இந்த இழையில் ஒரே ஒரு வரி மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா அது இதுதான்: சடையைக் கத்தரிக்கோலால் வெட்டாதீங்க.

சடை தோலைத் தன்னோடு சேர்த்து மேலே இழுத்து வைத்திருக்கும். முடி எங்கே முடியுது, தோல் எங்கே ஆரம்பிக்குது என்று கண்ணுக்குத் தெரியாது. நாயின் தோலும் நாம நினைக்கிறதை விட மெல்லிசு. "ஒரே வெட்டுதான்" என்று வெட்டி, தையல் போடும் அளவுக்குக் காயத்தோடு வரும் நாய்கள் கால்நடை மருத்துவமனைகளில் சகஜம். இறுகிய சடையை எடுக்க மெஷின்தான் பாதுகாப்பு. அதிலும் உடம்பு முழுக்க சடை என்றால் வீட்டில் முயற்சியே வேண்டாம். வலிக்காமல் மயக்கம் கொடுத்து மருத்துவர் எடுக்கட்டும்.

10/
"ஐயோ, மொட்டை அடிச்சா அழகே போயிடுமே" என்று தயங்காதீங்க. ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ மாதிரி நாய்களுக்கு முடி வளர்ந்துக்கிட்டே இருக்கும். திரும்ப வந்துடும். மணிக்கணக்கில் சிக்கெடுக்கிறேன் என்று வலிக்க வலிக்க இழுத்தால், அந்த நாய் அதுக்கப்புறம் சீப்பைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிஞ்சுக்கும். போன முடி மூணு மாசத்தில் வரும். போன நம்பிக்கை வர ரொம்ப நாள் ஆகும்.

11/
சின்னச் சிக்கு என்றால் வீட்டிலேயே எடுக்கலாம். முறை:

சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் முடியின் வேர்ப்பக்கத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிங்க. இழுவை உங்க விரலோடு நின்னுடணும், தோலுக்குப் போகக் கூடாது. கொஞ்சம் சோள மாவைத் தூவி விரலால் முடிச்சைப் பிரிச்சு விடுங்க. அப்புறம் சீப்பின் நுனியால் வெளி ஓரத்தில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமா. உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பு இழுக்கக் கூடாது. பாட்டி நம்ம தலையில் சிக்கெடுத்தது ஞாபகம் இருக்கா? நுனியில் ஆரம்பிச்சுத்தான் வேருக்குப் போவாங்க. அதேதான்.

12/
வாங்க வேண்டியது மூன்றே பொருள்.

ஒன்று, ஸ்லிக்கர் பிரஷ். மெல்லிய கம்பிகள் வளைந்து இருக்கும். இதை அழுத்தித் தேய்க்கக் கூடாது, தோல் சிவந்து எரியும். முதலில் உங்க முழங்கை உள்பக்கத்தில் தேய்ச்சுப் பாருங்க. உங்களுக்கு வலிச்சா அவங்களுக்கும் வலிக்கும்.

இரண்டு, ஸ்டீல் சீப்பு. ஒரு பாதி அகலப் பல், மறு பாதி நெருக்கப் பல்.

மூன்று, பேன் சீப்பு. நம்ம வீட்டுப் பேன் சீப்பு மாதிரியேதான். தெள்ளுப்பூச்சியும் அதன் கழிவும் இதில்தான் மாட்டும்.

13/
பிரஷ் மேலோட்டமாகப் போகும். சீப்புதான் உண்மையைச் சொல்லும். ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கி, வகிடு எடுத்த மாதிரி தோல் ஒரு கோடாகத் தெரியணும். அந்தக் கோட்டில் இருந்து கீழ்நோக்கிச் சீவணும். அப்புறம் ஒரு விரல் அளவு மேலே அடுத்த வகிடு. இப்படி வயிற்றில் இருந்து முதுகு வரை. கடைசியில் சீப்பு வேரில் இருந்து நுனி வரை எங்கேயும் மாட்டாமல் போனால்தான் சீவி முடிச்சாச்சு என்று அர்த்தம்.

வகிடு எடுக்கும்போது தெரியும் தோலைப் பாருங்க. சிவப்பு, பொடுகு, கருப்பு மிளகு மாதிரித் துகள், முடி கொட்டிய வட்டம், கட்டி. பரிசோதனை என்று நான் சொன்னது இதைத்தான்.

14/
ஆனால் புதுசா வந்த நாய் முதல் நாளே இதுக்கெல்லாம் உடம்பைக் காட்டாது. காட்டணும்னு எதிர்பார்க்கவும் கூடாது. அவங்களுக்கு உங்க வீடு புதுசு, உங்க வாசனை புதுசு, மனுஷக் கையைப் பற்றி அவங்களுக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு நமக்குத் தெரியாது. வந்த அன்னிக்கே குளிப்பாட்டாதீங்க. மருத்துவரிடம் காட்டிட்டு, முதல் சில நாள் சாப்பாடு, தூக்கம், ஒரு அமைதியான மூலை. அது போதும்.

15/
பஞ்சுவோடு நாங்க போன வரிசை இது. முதல் வாரம் வெறும் கை. நெஞ்சு, தோள்பட்டை மட்டும். தொட்டால் ஒரு சின்னத் துண்டு வேகவைத்த சிக்கன். இரண்டாம் வாரம் சீப்பைத் தரையில் வைத்து அதன் பக்கத்தில் சிக்கன். மூன்றாம் வாரம் சீப்பின் முதுகால் தோளில் ஒரு தடவல். அப்புறம் ரெண்டு நிமிஷம் சீவல். பாதத்தைத் தொட விட்டது ஆறாவது வாரம். ரெண்டு நிமிஷத்தில் நிறுத்துங்க. அவங்க பொறுமை முடியறதுக்கு முன்னாடி நீங்க முடிச்சுடணும்.

(சிக்கனில் வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. உரிச்ச திராட்சை, சாக்லெட் மாதிரி எதையும் பாசத்தில் கொடுத்துடாதீங்க. ரெண்டும் நாய்க்கு விஷம்.)

16/
தலையைத் திருப்பிக்கிறது, உதட்டை நக்கிக்கிட்டே இருக்கிறது, உடம்பு விறைச்சுப் போறது, கண் வெள்ளை தெரியப் பார்க்கிறது. இதெல்லாம் "போதும், நிறுத்து" என்று அர்த்தம். உறுமினால் திட்டாதீங்க, அடிக்காதீங்க. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. அடிச்சு அடிச்சு அந்த மணியை நிறுத்திட்டா, அடுத்த முறை மணி அடிக்காமலே கடி விழும். ஒரே இடத்தைத் தொடும்போது மட்டும் உறுமினால், அங்கே வலி இருக்கு என்று எடுத்துக்கிட்டு மருத்துவரிடம் காட்டுங்க. முதல் சில வாரம் சின்னக் குழந்தைகள் கையில் சீப்பைக் கொடுக்காதீங்க.

17/
ஷிட்ஸு, பக், பெக்கினீஸ் மாதிரி சப்பை மூக்கு நாய் வெச்சிருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. சீவும்போது அசையாம இருக்கணும்னு பிடரியைக் கொத்தாகப் பிடித்து இறுக்காதீங்க. இந்த வகைகளுக்குக் கண் குழி ஆழமில்லை. அழுத்தத்தில் கண் வெளியே பிதுங்கி வரக்கூடும். அது உயர் அவசரம். நெஞ்சுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்கினால் போதும். கண்ணில் விழும் முடியை மேலே தூக்கிக் கட்டுங்க, இல்லை கை தேர்ந்தவர்களிடம் வெட்டிக்கோங்க. உரசிக்கிட்டே இருந்தா கருவிழியில் புண் வரும்.

18/
இப்ப குளியல். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் ஈரத்தில் முடிச்சு இன்னும் இறுகும். நம்ம தலையிலும் சிக்கெடுத்துட்டுதானே தலைக்குக் குளிக்கிறோம்? அதே கதை. முதல்ல சீப்பு, அப்புறம் ஷாம்பு என்று தலைப்பில் சொன்னது இதுக்குத்தான்.

மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாய்க்கான ஷாம்புவே வாங்குங்க. நம்ம தோலின் அமிலத்தன்மை வேற, நாய்த் தோலின் அமிலத்தன்மை வேற. நம்ம ஷாம்புவும் சோப்பும் அவங்க தோலை வறட்டிடும். நுரை சொட்டு கூட மிச்சம் இல்லாமல் அலசணும். அதை விட முக்கியம், வேர் வரை காயவைக்கணும். ட்ரையர் என்றால் சூடு இல்லாத காற்று.

19/
தடவக் கூடாதவை: மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், அந்துருண்டைப் பொடி, டீ ட்ரீ ஆயில். உண்ணிக்கு நல்லது என்று யாராவது சொல்வாங்க. நாய் தன் உடம்பை நக்கும். தோலில் தடவினது எல்லாம் வயிற்றுக்குள் போகும். உண்ணி சாகும், கூடவே நாயும் சாகலாம். தேங்காய் எண்ணெய் விஷம் இல்லை. ஆனால் நீளமுடியில் தடவினால் தெருப் புழுதி எல்லாம் ஒட்டிக்கொண்டு புதுச் சிக்கு உருவாகும்.

20/
அக்னி நட்சத்திரம் வந்தாலே எல்லோரும் கேட்கும் கேள்வி: "வெயிலுக்கு மொட்டை அடிச்சுடலாமா?" பதில் நாயின் வகையைப் பொறுத்தது.

பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் இரட்டை அடுக்கு. மேலே முரட்டு முடி, உள்ளே பஞ்சு மாதிரி உள்முடி. உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே போகும். மேல்முடி வெயில் நேரடியாகத் தோலில் படாமல் தடுக்கும் கூரை. அதை மழித்தால் தோல் வெந்துபோகும். பொமரேனியன், ஹஸ்கி மாதிரி வகைகளில் மழித்த முடி திரும்ப வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். சில நேரம் திட்டுத் திட்டாக வரும்.

ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ, மால்டீஸ் போன்றவற்றுக்கு முடியைக் குட்டையாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஒரு இஞ்ச் விட்டு வெட்டச் சொல்லுங்க. தோல் தெரிய வேண்டாம்.

21/
ஒரு சின்ன உடலியல். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு வியர்வை வேலை செய்வது பெரும்பாலும் பாதத்தில் மட்டும். உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்பால்தான். அதனால் முடியை எடுத்தால் வியர்த்துக் குளிர்ந்துவிடும் என்பது நம்ம உடம்பை வைத்து நாம போடும் கணக்கு. நிழல், தண்ணீர், ஃபேன், விடிகாலையும் இருட்டிய பிறகும் மட்டும் நடை. புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்தாறு விநாடி வைக்க முடியலைன்னா அந்த ரோட்டில் நாயை நடத்தாதீங்க. சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைக்கவே சிரமம், அதனால் வெயில் அவங்களுக்கு இரட்டை ஆபத்து.

22/
இனி என் ஏரியா. நாய் முடியும் மனுஷ உடம்பும்.

"நாய் முடி வயிற்றுக்குள்ள போனா கட்டி வரும்." இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை இருக்காது. முடி வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் வெளியே வந்துடும். அதனால் கட்டி வராது. ஆனால் அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை.

23/
எக்கினோகாக்கஸ் என்று ஒரு சின்ன நாடாப்புழு இருக்கு. கறிக்கடையில் தூக்கிப் போடும் ஆட்டு ஈரல், நுரையீரல் போன்ற பச்சைக் கழிவில் அதன் நீர்க்கட்டி இருந்து, அதை நாய் தின்றால் நாயின் குடலில் புழு வளரும். முட்டைகள் மலத்தில் வெளியேறும். ஆசனவாயைச் சுற்றி நீளமுடி இருந்தால் முட்டை அதில் ஒட்டும். நாய் நக்கும்போது உடம்பு முழுக்கப் பரவும். நாம தடவிட்டு, கை கழுவாமல் சாப்பிட்டால் நம்ம வயிற்றுக்குள். பல வருஷம் கழித்துக் கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி. குற்றவாளி முடி இல்லை, அதில் ஒட்டிய முட்டை.

தடுப்பது சுலபம். பச்சைக் கழிவு இறைச்சி கொடுக்காதீங்க. குடற்புழு மருந்து நாடாப்புழுவுக்கும் சேர்த்துத்தானா என்று மருத்துவரிடம் கேளுங்க. வால் அடியில் முடியைக் குட்டையாக வைங்க. சீவி முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. தடவாமல் இருக்கத் தேவையே இல்லை.

24/
உண்ணி. பஞ்சுவின் விரல் இடுக்கில் இருந்தது பழுப்பு நாய் உண்ணி. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாய் மேல் இல்லை, உங்க வீட்டுச் சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. இந்த உண்ணி நாய்க்கு எர்லிக்கியா காய்ச்சல் தரும், ரத்தத் தட்டணுக்கள் குறையும். மனிதர்களுக்கும் ஒரு வகை டைஃபஸ் காய்ச்சலைத் தரக்கூடியது. விரலால் நசுக்காதீங்க. கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்க. வீட்டில் உண்ணி இருந்து உங்களுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால், டாக்டரிடம் "நாய் இருக்கு, உண்ணி இருந்துச்சு" என்று நீங்களாகவே சொல்லுங்க. நாங்க கேட்க மறக்கலாம்.

25/
முடி வட்டமாகக் கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். நாயிடம் இருந்து குழந்தைகளுக்கு ஒட்டும். வீட்டில் யாருக்காவது வட்டமாக அரிப்பு வந்தால் மெடிக்கலில் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் பூசாதீங்க. முதலில் அடங்குவது போல இருந்து அப்புறம் பரவும். நாய், மனுஷன் ரெண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தால்தான் தீரும்.

ஆஸ்துமா இருப்பவர்கள்: அலர்ஜி முடியின் நீளத்தால் வருவதில்லை. எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் இருக்கும் புரதத்தால் வருது. "முடி கொட்டாத வகை, அலர்ஜியே வராது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீங்க. சீவும் வேலையை வீட்டில் ஆஸ்துமா இல்லாதவர், மாடியிலோ பால்கனியிலோ செய்யட்டும்.

26/
ரேபிஸ். தத்தெடுத்த நாய்க்குப் பழைய ஊசிக் கணக்கு தெரியாது. சீவும்போது பல் பட்டாலோ நகம் கீறினாலோ, "நம்ம நாய்தானே" என்று விடாதீங்க. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க. அன்னிக்கே மருத்துவமனை. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேணும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். நாய்க்கு ஊசி போட்ட பிறகும் வருஷா வருஷம் தேதி தவறாதீங்க.

27/
இப்ப நான் இந்த இழையை எழுத உட்கார்ந்த காரணம்.

பத்தாவது வாரம். முடி ஒரு இஞ்ச் வளர்ந்து, பெயருக்கு ஏத்த மாதிரி ஆகிட்டாள். மகள் மடியில் மல்லாந்து படுத்துக்கிட்டு வயிற்றைச் சீவ விடுவாள். அன்னிக்கு சீப்பு ஒரு இடத்தில் லேசாக ஏறி இறங்கியது. கடைசிக் காம்புக்குப் பக்கத்தில், பட்டாணி அளவு. உருண்டையாக, கெட்டியாக. நான் தொட்டுப் பார்த்தேன். மனுஷங்களுக்கு இப்படி ஒண்ணை விரலில் உணர்ந்தால் என்ன செய்வேனோ, அதைத்தான் செய்தேன். மறுநாள் காலையில் மருத்துவரிடம் நின்றோம்.

28/
கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வரும் கட்டிகளில் மார்பகக் கட்டிதான் அதிகம். அதில் கணிசமானவை புற்று. 3 செ.மீ.க்குக் கீழே இருக்கும்போது எடுத்தால் பிழைப்பதற்கான வாய்ப்பு நல்லாவே கூடும். பஞ்சுவுக்கு 1 செ.மீ. கூட இல்லை. கட்டியையும், கூடவே கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். பயாப்ஸி அறிக்கையில் புற்றுதான் என்று வந்தது. ஓரங்களில் மிச்சம் இல்லை என்றும் இருந்தது. நாலு மாசம் ஆச்சு. நல்லா சாப்பிடறாள். மூணு மாசத்துக்கு ஒருமுறை செக்கப்.

வந்த அன்னிக்கு இருந்த சடை அப்படியே இருந்திருந்தால், அந்தக் கட்டி எலுமிச்சை அளவு ஆகி, உடைஞ்சு, நாற்றம் வந்த பிறகுதான் தெரிஞ்சிருக்கும்.

29/
என் ஓ.பி.யில் மார்பகக் கட்டியோடு வரும் அம்மாக்கள் சொல்வாங்க, "ஆறு மாசமா இருக்கு டாக்டர், வலிக்கலை, அதான் விட்டுட்டேன்." வலிக்காத கட்டிதான் பயப்பட வேண்டியது என்று எத்தனை தடவை சொன்னாலும் தீராது. நாயாவது மனுஷன் கை வரும் வரை காத்திருக்கணும். நமக்குக் கை இருக்கு. இந்த இழையைப் படிக்கும் பெண்கள் மாசம் ஒரு நாள் உங்களுக்காகவும் அந்தப் பத்து நிமிஷத்தை ஒதுக்குங்க. புதுசா ஏதாவது தட்டுப்பட்டால் வலிக்குதா இல்லையான்னு யோசிக்காம வாங்க.

30/
கடைசியா வாங்க நினைக்கிறவங்களுக்கு. நீளமுடி நாய்க்குட்டி பொம்மை மாதிரிதான் இருக்கும். ஒரு வயசை நெருங்கும்போது குட்டி முடி மாறி முழு முடி வரும். சிக்கு பெருகுவது அப்போதுதான். நிறைய பேருக்கு ஆசை தீர்வதும் அப்போதுதான். தினமும் 10 நிமிஷம், 12 வருஷத்துக்கும் மேல். இது முடியும்னா மட்டும் கூட்டிட்டு வாங்க. பசியிலும் தாகத்திலும் வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பார்லர் செலவு கட்டுப்படி ஆகலைன்னா வீட்டில் குட்டையா வெட்டி வெச்சுக்கோங்க, அதில் ஒரு தப்பும் இல்லை. வைத்தியச் செலவுக்குப் பயந்து தள்ளிப் போடாதீங்க. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னையில் வேப்பேரியில் இருக்கு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கு.

31/
சுருக்கமா ஒரு அட்டவணை, ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கோங்க:

தினமும்: காது பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, வால் அடி. கண் ஓரம் ஈரப் பஞ்சால் துடைப்பு.
வாரம் 3 முறை: வகிடு எடுத்து முழுச் சீவல்.
வாரம் 1 முறை: விரல் இடுக்கு, வாய், காது மோந்து பார்ப்பது, பெண் நாய்க்குக் காம்பு வரிசை முழுக்கத் தடவிப் பார்ப்பது.
3–4 வாரத்துக்கு ஒருமுறை: சிக்கெடுத்த பிறகு குளியல், நகம்.
மருத்துவர் சொன்ன தேதியில்: உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, தடுப்பூசி.

இன்னிக்கு ராத்திரி டிவி ஓடும்போது உங்க நாயைப் பக்கத்தில் உட்கார வெச்சு, முதலில் காதுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்க. எதுவும் தட்டுப்படலைன்னா சந்தோஷம். தட்டுப்பட்டால் அதைவிட நல்லது, சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டீங்க.